க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும் ஷேப்ஃபைல் (இடங்களின் வடிவத்தைச் சேமிக்கும் கோப்பு) அடிவரைபடத்தின் மேல் பொருந்தாமல் வேறெங்கோ போய் விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

கோவை உக்கடம் பெரியகுளத்தை வங்காள விரிகுடாவில் மிதக்கவிட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

குளங்களின் எல்லைகளை ஒருவர் ஷேப்ஃபைலாக அனுப்பியிருந்தார். கூட வரவேண்டிய .பிஆர்ஜே கோப்பைக் காணோம். எந்த ப்ரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை) என்று சொல்வதே அதுதான். லேயர் (வரைபட அடுக்கு) பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வந்து நின்றது. நானும் யோசிக்காமல் யூடிஎம் (உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி என்ற குறியீட்டுப் பட்டியலில் 32644 கொடுத்தேன். சென்னை வேலைகளே பார்த்துப் பழகிய கை.

தமிழ்நாட்டில் இதுதான் வம்பு. 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் சந்திக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை, திண்டுக்கல்லை உரசிக்கொண்டு போகிறது. சென்னை, மதுரை, திருச்சி, சேலம் 44-இல். கோவை, ஈரோடு, நெல்லை, நாகர்கோவில் 43-இல் (இபிஎஸ்ஜி 32643). மண்டலத்தை மாற்றிச் சொன்னால் 6 டிகிரி தள்ளிப் போய்விடும். கோவைக்கு நேர் கிழக்கே சுமார் 650 கி.மீ., அதாவது நடுக்கடல். மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது, ஏனென்றால் அந்த எண்கள் இரண்டு மண்டலங்களிலும் செல்லும்.

அதனால் முதலில் எண்களைப் பாருங்கள். லேயர் ப்ராப்பர்ட்டீஸில் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் எக்ஸ்டென்ட் (லேயரின் எல்லை எண்கள்) இருக்கும். 76.9, 10.9 மாதிரி இருந்தால் டிகிரி, பெரும்பாலும் இபிஎஸ்ஜி 4326 (ஜிபிஎஸ் தரும் அட்ச, தீர்க்க அளவை). எனக்கு இருந்தது 7,13,000-மும் 12,14,000-மும். ஆறு இலக்கம், ஏழு இலக்கம் என்றால் மீட்டர், அநேகமாக யூடிஎம். சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருந்தால் கோவைப் புள்ளிகள் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். அங்கே பார்த்தால் பயப்படவேண்டாம், எக்ஸ், ஒய் பத்திகளை மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம், பலரும் சறுக்கும் இடம். ‘செட் லேயர் சிஆர்எஸ்’ (சிஆர்எஸ் என்றால் இட எண்களின் அளவை முறை) எந்த எண்ணையும் மாற்றாது. “இது இந்த அளவையில் இருக்கிறது” என்று சீட்டு ஒட்டுவதோடு சரி. ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’தான் எண்களையே மாற்றிப் புது லேயர் தரும். கஜத்தில் அளந்த துணியில் மீட்டர் என்று சீட்டு ஒட்டிவிட்டு, அதை அடிக்கு மாற்றினால் என்ன கிடைக்கும்? தப்பான சீட்டோடு ரீப்ரொஜெக்ட் செய்வதும் அதேதான். முதலில் சரியான சீட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றம்.

ஊர் சரியாக வந்து, நூறு இருநூறு மீட்டர் மட்டும் விலகி நின்றால் ப்ரொஜெக்‌ஷனை நோண்டாதீர்கள். பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டிலிருந்து (நிலவரைபடத் தாள்) எடுத்த தரவா என்று கேளுங்கள். அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவத்தை வைத்து வரைந்தவை; டேட்டம், அதாவது அளவைக்கு அடிப்படையாக எடுத்த பூமி மாதிரி, வேறு. கையால் இழுத்துப் பொருத்தினால் ஒரு மூலை சேரும், இன்னொரு மூலை விலகும். சரியான டேட்டம் மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

பரப்பளவு வேண்டுமென்றால் இபிஎஸ்ஜி 3857-இல் (இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் முறை) தட்டையாகக் கணக்கிடாதீர்கள். கோவை அட்சரேகையிலேயே 100 ஹெக்டேர் குளம் 104-க்கு மேல் காட்டும்.

என் கதைக்கு வருகிறேன். 43 கொடுத்ததும் குளம் கரைக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவரிடம் .பிஆர்ஜே பற்றிக் கேட்டேன். “ஒரு கேபி கூட இல்லை சார், தேவையில்லாத ஃபைல்னு நினைச்சு எடுத்துட்டேன்” என்றார்.