‘தாக்கப்பட்டிருக்கலாம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு வந்து முதுகலை வரலாறு படிக்கிறேன். திருமலை நாயக்கர் மகால் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்யச் சொன்னார்கள். அதில் மகாலின் வளைவுகளைப் பற்றி, ‘மே ஹேவ் பீன் இன்ஃப்ளுயன்ஸ்டு பை இஸ்லாமிக் ஆர்க்கிடெக்சர்’ என்று ஒரு வரி. ‘இஸ்லாமியக் கட்டடக்கலையால் தாக்கப்பட்டிருக்கலாம்’ என்று எழுதினேன். வகுப்பே சிரித்துவிட்டது. செயப்பாட்டு வினை தமிழுக்கு ஆகாது, அதுதான் தவறு என்கிறார்கள். உண்மையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சிரித்தவர்களை விடுங்கள். உங்கள் இலக்கணத்தில் பிழை இல்லை. வழுக்கியது ஒரே ஒரு சொல்லில்தான். ‘தாக்கம்’ என்ற பெயர்ச்சொல் இந்தப் பொருளில் நமக்குப் பழகிவிட்டது. ‘தாக்கு’ என்ற வினையோ இன்னும் அடிதடியை விட்டு வெளியே வரவில்லை. அதனால்தான் வளைவுகளை யாரோ கடப்பாரை கொண்டு இடித்ததுபோல் ஆகிவிட்டது.

செயப்பாட்டு வினை தமிழுக்கு ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. ‘வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ என்று குறள் சொல்கிறது. வைப்பது யார் என்று அங்கே சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் ஆங்கிலத்துக்கு அந்த வினை நம்மைவிட அதிகம் தேவைப்படுகிறது. அங்கே எது எழுவாய் என்பதைச் சொல் நிற்கும் இடமே பெரும்பாலும் காட்டுகிறது. மகாலைப் பற்றிப் பேசும்போது மகாலை முன்னே நிறுத்த வேண்டுமானால், வினையைத் திருப்பிப் போடுவதுதான் எளிய வழி. நம்மிடம் வேற்றுமை உருபு இருக்கிறது. ‘மகாலை 1636-இல் திருமலை நாயக்கர் கட்டினார்.’ மகால் முன்னால் வந்துவிட்டது, வினையும் செய்வினையாகவே நிற்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ‘பை’ வந்த இடத்திலெல்லாம் நாம் ‘ஆல்’, ‘பட்டது’ போட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை.

விடக்கூடாதது ‘லாம்’. உங்கள் வரியில் நான் பாராட்டுவது அதைத்தான். கட்டியவர்கள் எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதற்கு எழுத்துச் சாட்சி கையில் இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையை மட்டும் வைத்துப் பேசுகிறவரின் அடக்கம் ‘மே ஹேவ் பீன்’. அதை விழுங்கிவிட்டு ‘தாக்கத்தால் உருவானது’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஒருவருடைய ஊகம் அடுத்தவர் பேனாவில் வரலாறாகிவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

‘மே’ இருக்கும் இடத்தில் ‘குட்’ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘குட் ஹேவ் பீன்’ சில இடங்களில் ‘இருந்திருக்கலாம்’, சில இடங்களில் நடக்காமல் போனது. ‘பஸ் கொஞ்சம் முந்தி வந்திருந்தா அடிபட்டிருப்பான்’ என்கிறோமே, அது. ‘இஸ் செட் டு ஹேவ் பீன்’ என்று வந்தால் அது ஊகமே இல்லை, பிறர் சொன்னது. அதற்கு நம்மிடம் ‘ஆம்’ இருக்கிறது: ‘வந்ததாம்’.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மகாலுக்குப் போனேன். முற்றத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். வளைவின் உள்விளிம்பு ஒரே கோடாக வளையாமல் இதழ் இதழாக மடிந்து ஏறுகிறது. கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனான தூண்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. இதில் அடித்தது எது, அடிபட்டது எது? ஒன்று இன்னொன்றிடமிருந்து வாங்கிக்கொண்டது என்றுதான் தோன்றியது.

இன்ஃப்ளுயன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘உள்ளே பாய்வது’. விண்மீன்களிலிருந்து மனிதருக்குள் ஏதோ பாய்ந்து விதியை மாற்றுவதாக நம்பிய காலத்துச் சொல், நம் ஊர் ‘குரு பார்வை’ மாதிரி. அங்கே பாய்கிறவனுக்கு முதலிடம். நம் பழமொழியில், பூவோடு சேர்ந்து மணப்பது நார். வாங்கிக்கொண்டதே எழுவாய், வினையும் அதனுடையதே. பூக்கடையில் வெறும் நாரை எடுத்து முகர்ந்து பாருங்கள், புரியும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘இந்த வளைவுகள் இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயலை ஏற்றிருக்கலாம்.’

அன்புடன்.