நாலு கோல் கணக்கு

கேள்வி: ஓய்வுபெற்ற ஸ்பெயின் கால்பந்து விங்கர் (மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குபவர்) ஹெசூஸ் நவாஸைச் சென்ற இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். மான்செஸ்டர் சிட்டிக்கு 4 சீசன் ஆடி, இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் அவர் அடித்தது மொத்தமே 4 கோல். ஊரை விட்டு நகரவே பயந்தவர். ஸ்பெயின் அணியின் இனியஸ்டா, சாவி போன்றவர்களின் தயவில் கோப்பைகள் வந்தன, அவ்வளவுதானே? பெரிய கிளப் ஏதாவது அவரைக் கொத்திக்கொண்டு போனதா? (வாசகர், சேலம்)

பதில்: 4 கோல் என்பது சரி. இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் உங்கள் கட்சி பலப்பட்டிருக்கும். நாலும் முதல் சீசனிலேயே வந்தவை. அதில் இரண்டு டாட்டன்ஹாமுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில். முதலாவது, ஆட்டம் தொடங்கி 15 விநாடி ஆவதற்குள். அதற்கப்புறம் மூன்று சீசன், லீக்கில் ஒன்றுகூடக் கிடையாது. கோல் வலையைக் கண்டால் அவர் கால் தடுமாறும். கிராஸ்களிலும் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) பல, முதல் டிஃபெண்டர் மீதே பட்டுத் திரும்பும். சிட்டி ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டதில் தப்பே இல்லை.

ஆனால் விங்கரைக் கோல் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுவது, சமையல்காரர் எத்தனை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எண்ணிப் பார்ப்பது மாதிரி.

யார் தயவில் யாருக்குக் கோப்பை வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை இறுதியாட்டம், நெதர்லாந்துக்கு எதிராக. பெட்ரோவுக்குப் பதிலாக 60வது நிமிடத்தில் நவாஸ் இறங்குகிறார். கூடுதல் நேரத்திலும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டுக்கு இன்னும் நாலைந்து நிமிடம்தான். எல்லோரும் கால் ஓய்ந்து நிற்கிற அந்த நேரத்தில், தன் பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு வலது ஓரமாக ஓடத் தொடங்குகிறார். ஆரஞ்சுச் சட்டைகள் நெருக்க நெருக்க, நிற்காமல் நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். பந்து இனியஸ்டாவின் குதிகாலில் பட்டு ஃபாப்ரகாஸிடம் போய், மறுபடி நவாஸிடமே வருகிறது. அவர் அதை இடது பக்கம் டோரஸுக்குத் தள்ளுகிறார். டோரஸின் கிராஸை வான் டெர் வார்ட் தடுக்க, தெறித்த பந்து ஃபாப்ரகாஸுக்கு, அங்கிருந்து இனியஸ்டாவுக்கு. 116வது நிமிடம், கோல். இனியஸ்டா சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். ரீப்ளேயை அந்தக் கோலுக்கு 20 விநாடி முன்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

நவாஸும் சில சமயம் கோல் அடித்திருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் கிளப்களுக்கான கோபா டெல் ரே கோப்பையின் 2010 இறுதியில், செவில்லா கிளப்புக்காக அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு எதிராக ஒன்று. 2012 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) குரோஷியாவுக்கு எதிராக 88வது நிமிடத்தில் ஒன்று, ஆட்டத்தின் ஒரே கோல். அதை இனியஸ்டா தட்டிக்கொடுத்தார் என்பது உங்கள் தரப்புக்கு.

‘பயந்தவர்’ என்ற வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. செவில்லா நகருக்குத் தெற்கே லோஸ் பலாசியோஸ் என்ற சிற்றூரில் பிறந்த பையன். 18 வயதிலேயே செவில்லாவின் முதல் அணிக்கு வந்துவிட்டார். ஆனால் அணியோடு வெளியூர் முகாமுக்குப் போனால் கடும் பதற்றம் வந்து ஆளையே முடக்கிவிடும். பாதியிலேயே வீடு திரும்ப வேண்டியிருக்கும். 2006இல் செல்சி கேட்டபோது பேச்சு முறிந்தது இதனால்தான். தேசிய அணியிலிருந்தும் பல ஆண்டு ஒதுங்கி நின்றார். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, நோய். சிகிச்சை எடுத்தார், மெதுவாக மீண்டார். 2009 நவம்பரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஸ்பெயினுக்கு முதல் ஆட்டம், அடுத்த கோடையில் தென்னாப்பிரிக்கா, 2013இல் மான்செஸ்டர். முழங்கால் உடைந்தவன் திரும்பி வந்து ஓடினால் வீரன் என்கிறோம். இவரை மட்டும் கேலி செய்ய வேண்டுமா?

2017இல் செவில்லாவுக்குத் திரும்பியபின் அவரை ரைட் பேக்காக (வலது ஓரத் தடுப்பாளர்) மாற்றினார்கள். 30 தாண்டிய விங்கர்கள் பலர் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இவர் அந்த இடத்தில்தான் இன்னொரு வாழ்க்கையே வாழ்ந்தார். ஐரோப்பியக் கிளப்களுக்கான யூரோப்பா லீக்கின் 2020 அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய கோலுக்குக் கிராஸ் இவருடையது. அதே போட்டியின் 2023 இறுதியில் ரோமா டிஃபெண்டர் மான்சினி தன் வலையிலேயே பந்தைத் தள்ளினாரே, அந்தக் கிராஸும் இவருடையதே. இரண்டு முறையும் கோப்பை செவில்லாவுக்கு, கேப்டன் நவாஸ்.

2024 யூரோ அரையிறுதியை வேண்டுமானால் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான ரைட் பேக் கார்வஹால் தடையில் இருந்ததால், 38 வயதில் பிரான்ஸின் எம்பாப்பேவை மறிக்க இவரை நிறுத்தினார்கள். பிரான்ஸின் கோலுக்கு எம்பாப்பே தூக்கிப்போட்ட கிராஸ் இவர் பக்கமிருந்துதான் வந்தது. மஞ்சள் அட்டையும் வாங்கினார், ஒரு மணி நேரம் ஆவதற்குள் வெளியேறினார். ஆனால் வெளியேறுவதற்கு முன், ஓல்மோ அடித்த வெற்றி கோலுக்கு ஆரம்பமாக இருந்ததும் இவர் அனுப்பிய கிராஸ்தான். அன்று இவருக்கு முன்னால் வலது ஓரத்தில் ஆடிய லமீன் யமாலுக்கு 16 வயது. நவாஸ் தன் முதல் யூஈஎஃப்ஏ கோப்பையை (இன்றைய யூரோப்பா லீக்) வென்ற 2006 மே மாதத்தில் அந்தப் பையன் பிறக்கவே இல்லை.

உலகக் கோப்பை, இரண்டு யூரோ, 2023 நேஷன்ஸ் லீக் என எல்லாவற்றையும் ஸ்பெயினுக்காக வென்ற ஒரே ஆள் இவர்தான். 18 ஆண்டு எல்லோருடைய தயவும் கிடைத்தது என்றால், அதற்கும் ஒரு திறமை வேண்டும் ஐயா.

கடைசியாக, பெரிய கிளப். மான்செஸ்டர் சிட்டி எப்போது சின்ன கிளப் ஆனது? ரியல் மாட்ரிட், பார்சிலோனாவைச் சொல்கிறீர்கள் என்றால், ஆமாம், போகவில்லை. செவில்லாவுக்கு மட்டும் 700 ஆட்டத்துக்கு மேல். அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே, ரிசர்வ் அணியின் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இடுப்பு மூட்டு வலியோடு பல ஆண்டு தள்ளி, 2024 டிசம்பர் 22 அன்று ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவில் கடைசி ஆட்டம் ஆடினார். ரியல் மாட்ரிட் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி அவருக்கு வழிவிட்டார்கள். அப்புறம் 4-2 என்று வென்றும்விட்டார்கள், அது வேறு விஷயம்.