வாசகர் கேள்வி – பதில்: வட்டி என்று சொல்லாத வட்டி

சென்ற இதழில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ராச்சியங்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்துப் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் மடங்கள் கொடுத்த கடனைப் பற்றியவை. ஆகவே அதற்கே கூடுதல் இடம்.

கேள்வி: வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலத்தில், மடங்களே எப்படி ஊருக்குக் கடன் கொடுத்தன? எங்கள் ஒற்றி மாதிரியா? (கொக்குவில்)

ஒற்றி அல்ல. ஆனால் ஒற்றி தெரிந்தவர்களுக்கு இது கெதியில் விளங்கும். ஒற்றியில் காசு கொடுத்தவர் காணியை எடுத்து ஆள்கிறார்; விளைச்சல்தான் அவருக்கு வட்டி. ஸ்பெயினில் ‘சென்சோ’ என்ற முறையில் காணி கடனாளியின் கையிலேயே இருக்கும். அந்தக் காணியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகையைப் பெறும் உரிமையை மட்டும் மடம் விலை கொடுத்து வாங்கும். பத்திரத்தின்படி காணிக்காரர் ‘விற்கிறார்’, மடம் ‘வாங்குகிறது’. விற்பனைக்கு ஏது வட்டி?

இந்த நியாயம் நிற்பதற்கு ஒரு முக்கிய நிபந்தனை இருந்தது: கொடுத்த முதல்தொகையை மடம் திருப்பிக் கேட்க முடியாது. காணிக்காரர் விரும்பிய நேரம் முதலைக் கட்டி மீட்கலாம். விருப்பமில்லாவிட்டால் பேரப்பிள்ளை காலம்வரை ஆண்டுப் பணத்தைக் கட்டிக்கொண்டே போகலாம். 100 ஆண்டுகளுக்கு மேல் மீட்கப்படாமல் ஓடிய சென்சோக்கள் உண்டு.

எழுதும் முறை இது. நொத்தாரிஸ் முன்னிலையில் காணியின் நாலு எல்லையும் எழுதப்படும். ஏற்கெனவே அதன் மீது வேறு சென்சோ உண்டா என்று உரிமையாளர் சொல்ல வேண்டும். மனைவியும் சேர்ந்து ஒப்பமிட்டுத் தன் சீதன உரிமையைக் குறுக்கே கொண்டுவரமாட்டேன் என்று விட்டுக்கொடுப்பார். முதல்தொகை காசாக எண்ணிக் கொடுக்கப்படும். தவணை பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு: ஜூன் 24 புனித அருளப்பர் திருநாளும் நத்தாரும். கட்டாமல் விட்டால் வழக்குப் போட்டுக் காணியை விற்பிக்கலாம்.

வீதத்தை அரசன் விதித்தான். சதவீதத்தில் அல்ல, ஆண்டு வருமானம் ஒன்றுக்கு எத்தனை மடங்கு விலை என்ற கணக்கில். ஸ்பானிய ராச்சியங்களில் ஒன்றான காஸ்டிலில் 1563இல் 14 மடங்கு, 1608இல் 20 மடங்கு, 1705இல் நேராக 3 சதவீதம். உதாரணத்துக்கு 400 டுக்காட் முதல் என்று வைப்போம். அன்றைய காசுக் கணக்கில் ஒரு டுக்காட் 375 மரவேதி. ஆக 1,50,000 மரவேதி. ஆண்டுப் பணம் முதல் வீதத்தில் 10,714 மரவேதி, இரண்டாவதில் 7,500, மூன்றாவதில் 4,500. அரகன் முடியின் கீழிருந்த ராச்சியங்களில் 3 சதவீதம் 1750இல்தான் வந்தது. ‘ஸ்பெயின்’ என்று ஒரே சட்டமுள்ள நாடு அன்று இருக்கவில்லை என்பதை மறந்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் குழம்பும்.

அதிகம் பிசகியது பதிவில்தான். ஒரே காணியை இரண்டு மடங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் சென்சோவை மறைப்பது சாதாரணம். இதைத் தடுக்க நகரங்களில் சென்சோப் பதிவேடு வைக்கும்படி 1539இல் சட்டம் வந்தது. பெரும்பாலும் யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒழுங்கான ஈட்டுப் பதிவகங்கள் 1768இல்தான் அமைந்தன. பத்திரமும் கடனாளியின் வாய்ச்சொல்லுமே அதுவரை மடத்துக்குப் பாதுகாப்பு.

கேள்வி: கன்னியர் மடங்களுக்கு அவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? (இளவாலை)

முதல் ஊற்று சீதனம். மடத்தில் சேரும் பெண்ணுக்கும் குடும்பம் சீதனம் கொடுக்க வேண்டும். நல்ல இடத்துக் கலியாணச் சீதனத்தைவிட இது குறைவாகவே வரும் என்பதைத் தகப்பன்மார் நன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் காசை மடம் சென்சோவில் இட்டு, வரும் ஆண்டுப் பணத்தில் சாப்பாடு, உடுப்பு, மெழுகுதிரி எல்லாவற்றையும் பார்த்தது. கையிருப்பு மூன்று பூட்டுப் பெட்டியில் இருக்கும். திறப்புகள் மூன்று பேரிடம். கடனாளி ஒருவர் திடீரென மீட்டுவிட்டால் அது மடத்துக்குச் சந்தோசச் செய்தி அல்ல. நல்ல காணியுள்ள அடுத்த ஆள் கிடைக்கும்வரை பெட்டியில் கிடக்கும் காசு ஒரு சதமும் உழைக்காது.

இரண்டாவது, இறந்தவர்களுக்கான பூசை. இறந்தபின் பாவம் கழியும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாவுக்காக ஆண்டுதோறும் இத்தனை பூசை என்று எழுதி, அதற்கு முதல் ஒதுக்கி வைப்பது ‘கப்பெல்லானியா’. 1,000 டுக்காட் முதலுக்கு 5 சதவீதத்தில் 50 டுக்காட் வரும்; அது பூசை வைக்கும் குருவுக்கு. அந்தக் குரு தன் வம்சத்தவராகவே இருக்க வேண்டும் என்றும் எழுதுவார்கள். பக்தியோடு, சொத்தும் குடும்பத்தை விட்டுப் போகாது. இளைய மகனுக்கு ஒரு பிழைப்பும் ஆயிற்று. வீதம் 3 ஆக இறங்கியதும் 50 டுக்காட் 30 ஆகியது. அதே எண்ணிக்கை பூசையை 30 டுக்காட்டுக்கு யார் வைப்பார்? ஆயர்கள் பூசை எண்ணிக்கையைக் குறைக்க அனுமதி கொடுத்தார்கள்.

கேள்வி: தசமபாகம் முழுக்கக் கோயிலுக்குத்தானா? (மானிப்பாய்)

இல்லை. தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்று. காஸ்டிலில் அதில் ஒன்பதில் இரண்டு பங்கு அரசனுக்கு. 1567இல் ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் இன்னொன்றும் கொடுத்தார்: ஒவ்வொரு பங்குக் கோயில் பிரிவிலும் ஒரு குடும்பத்தின் தசமபாகம் அப்படியே அரசனுக்கு. பிறகு அது அந்தப் பிரிவிலேயே அதிகம் கட்டும் குடும்பம் என்று ஆனது.

கேள்வி: தவக்காலத்தில் முட்டை சாப்பிடக் காசு கட்டினார்கள் என்பது உண்மையா? (குருநகர்)

உண்மை. ‘குருசாதா’ எனப்பட்ட சிலுவைப்போர்ச் சீட்டு. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதாரண ஆளுக்கு விலை 2 ரியால், அதாவது 68 மரவேதி. வாங்கியவருக்குப் பலன்கள் பல. அதில் ஊர்ச்சனத்துக்குப் பிடித்தது தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய் சாப்பிடும் சலுகை. சீட்டுகள் தொலேதோவிலும் வயாதோலிதிலும் இரண்டு மடங்களில் அச்சாகின. பெயர் சிலுவைப்போர், காசு போனது அரச கசானாவுக்கு.

கேள்வி: அமெரிக்க வெள்ளி கப்பல் கப்பலாக இறங்கியும் சனத்தின் கையில் செப்புக் காசு ஏன்? (பருத்தித்துறை)

வெள்ளி இறங்கிய வேகத்திலேயே படைச் சம்பளத்துக்கும் ஜெனோவா வங்கியாளருக்கும் போய்விட்டது. உள்ளூர்ச் சந்தைக்குச் சில்லறை வேண்டும். 1599இல் மூன்றாம் பிலிப்பு அந்தச் சில்லறையிலிருந்த கொஞ்ச வெள்ளியையும் எடுத்துவிட்டு வெறும் செம்பில் அடித்தான். 1603இல் இன்னொரு வேலை: பழைய 2 மரவேதிக் காசை நாணயசாலைக்குக் கொண்டுவரச் சொல்லி, அதில் 4 என்று முத்திரை குத்தினார்கள். 100 காசு கொண்டுபோனவருக்கு 50 காசு திரும்பக் கிடைக்கும், முகப்பெறுமதி அதே. மற்ற 50 அரசனுக்கு.

அதன் பிறகு செப்புக் காசை வெள்ளியாக மாற்ற மேலதிகமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலப் பத்திரங்களை வாசிப்பவர்கள் ‘வெள்ளியில்’ என்றா, ‘வெய்யோனில்’, அதாவது செப்புக் காசில் என்றா எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 1628 ஓகஸ்டில் நான்காம் பிலிப்பு செப்புக் காசின் பெறுமதியை ஒரே ஆணையில் பாதியாக்கினான். கையில் செம்பு வைத்திருந்தவன் பாதியை இழந்தான். இழப்பீடு கிடைக்குமென்ற பேச்சால் வயிறு நிறையவில்லை.

இதை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர் ஒரு யேசு சபைக் குரு, ஹுவான் தே மரியானா. குடிகளின் சம்மதம் இல்லாமல் காசின் பெறுமதியை மாற்றுவது அவர்களின் சொத்தைப் பறிப்பதே என்பது அவர் வாதம். 1609இல் நூல் வந்த அதே ஆண்டில், எழுபதைத் தாண்டிய அவரைக் கைதுசெய்து மத்ரித்தில் பிரான்சிஸ்கன் மடத்தில் அடைத்தார்கள்.

கேள்வி: சங்கிலி மன்னன் வீழ்ந்தபோது யாழ்ப்பாணமும் ஸ்பெயின் அரசனுக்குக் கீழா வந்தது? (நல்லூர்)

அரசன் ஒருவன், அரசு இரண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் முடியும் ஸ்பானிய மன்னரின் தலையிலேயே இருந்தது. 1619இல் பிலிப்பே தே ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது லிஸ்பனில் ‘இரண்டாம் பிலிப்பு’ என்றும் மத்ரித்தில் ‘மூன்றாம் பிலிப்பு’ என்றும் அழைக்கப்பட்டவர் ஒரே ஆள்தான். மேலே சொன்ன செப்புக் காசுக்காரர். ஆனால் 1581இல் அவர் தகப்பன் தோமார் நகரில் கொடுத்த வாக்குப்படி போர்த்துக்கலின் பதவிகளும் நிர்வாகமும் போர்த்துக்கேயரிடமே இருந்தன. யாழ்ப்பாணத்துக்கான கட்டளை கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதி வழியாக வந்தது. காஸ்டில் கசானாவுக்கு இங்கே நேரடி வேலை இல்லை. 1619க்கும் 1658க்கும் இடைப்பட்ட போர்த்துக்கேயர் ஆட்சியின் 39 ஆண்டுகளில் முதல் 21 ஆண்டுகள் இப்படிப் போயின.