ஒட்டடைக் கம்பில் ஒரு மைக் கை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் அவர் பாடும் சுடலைமாடன் கதையை முழுசாகப் பதிவு செய்ய ஆசை. முன்னால் வில் கிடப்பதால் சாதாரண மைக் ஸ்டாண்டை வைக்க வழியில்லை. பிவிசி பைப்பில் மைக்கைத் தாங்கும் கை ஒன்று செய்தேன். எவ்வளவு முறுக்கினாலும் அரை மணி நேரத்தில் தொங்கிவிடுகிறது, போல்ட் போட்ட இடத்தில் பைப்பும் நசுங்கிவிட்டது. குடத்தில் அடிக்கும்போதெல்லாம் பதிவில் 'தொம் தொம்' என்று விழுகிறது. மைக் கிளிப்பும் எந்த போல்ட்டிலும் ஏறவில்லை. வீட்டுச் சாமான்களை வைத்தே செய்ய வழி உண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறீர்கள். கதை முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் நடுவில் எழுந்து கையைத் தூக்கி நிறுத்துகிற வேலை இருக்கக் கூடாது.

நீங்கள் பாரத்தை முறுக்கில் தாங்கப் பார்க்கிறீர்கள். அது எடையில் தாங்க வேண்டியது. பின்னால் சரியான எடை இருந்தால் முன்னால் மைக் தானாக நிற்கும், போல்ட் கையை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். தகரக் கொட்டகைச் சூட்டில் பிவிசி இளகி வளைந்துகொண்டேதான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

கைக்கு ஒட்டடைக் கம்பு எடுங்கள், நீட்டிச் சுருக்குகிற உலோகக் கம்பு. நாலடிக்கு (120 செ.மீ.) நீட்டி, முறுக்கிப் பூட்டும் இடத்தில் சின்ன ஸ்குரூ ஒன்றை இறக்கிவிடுங்கள். அந்தப் பூட்டு பாரத்தில் வழுக்கும். உள் குழாயில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றினால் இரண்டு குழாயும் ஒன்றோடொன்று தட்டிக் கடகடக்காது.

தூணுக்கு ஓடாத ஸ்டாண்டு ஃபேன். கனமான அடி, ஏற்றி இறக்கும் குழாய் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதன் வயர் முனைகளைக் கையால் தொட வேண்டாம். குழாயின் வாயில் இறுக்கமாக ஒரு மரக்கட்டையை அடித்து இறக்குங்கள். மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்தப் பகுதியின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் செதுக்குங்கள்.

கம்பில் மைக் நுனியிலிருந்து 80 செ.மீ. தள்ளி இரண்டரை நூல் போல்ட்டுக்குத் துளை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). துளைக்கும் முன்பே அந்த இடத்தில் கம்புக்குள் மரத்துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். வெறும் குழாயை முறுக்கினால் அது நசுங்கும், முறுக்கு முழுக்க நசுங்கலுக்கே போய்விடும். உங்கள் பைப்புக்கு நடந்தது அதுதான். பிறகு போல்ட், வாஷர், கம்பு, பழைய செருப்புத் தோலில் வெட்டிய வட்டம், மரக்கட்டை, வாஷர், கையாலேயே திருகும் விங் நட்டு என்று வரிசையாகக் கோத்துவிடுங்கள். தோலுக்குப் பதில் சைக்கிள் டியூப் போடாதீர்கள். ரப்பர் பிடித்துப் பிடித்து விடும், அந்தக் கிறீச் சத்தம் பதிவில் ஏறும்.

இனி எடைக் கணக்கு. மளிகைக் கடைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துக்கொள்ளுங்கள். மைக், அதைத் தாங்கும் வளையம் (பின்னால் சொல்கிறேன்), நுனி வயர் சேர்ந்து 400 கிராம், கம்பு 350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மைக் பக்கம் 400 × 80 = 32,000. கம்பின் நடுப்புள்ளி போல்ட்டுக்கு 20 செ.மீ. முன்னால் விழுகிறது, அதற்கு 350 × 20 = 7,000. மொத்தம் 39,000. பின்னால் 35 செ.மீ. தூரத்தில் எடை கட்டினால் 39,000 ÷ 35, கிட்டத்தட்ட 1,115 கிராம். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி காய்ந்த மணல் போட்டால் வந்துவிடும். தண்ணீர் வேண்டாம், அது தளும்புகிற சத்தம் கேட்கும். பாட்டிலைக் கம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். நட்டைத் தளர்த்திவிட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கை விட்ட இடத்தில் நின்றால் சரி.

இதில் ஒன்றை மறக்கவே கூடாது. கழற்றும்போது முதலில் பாட்டில், பிறகு மைக். மாற்றிச் செய்தால் நுனி வெடுக்கென்று மேலே எகிறும், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் படும். ஃபேன் அடிமேல் ஐந்து கிலோ மணல் மூட்டை ஒன்றையும் போட்டுவையுங்கள்.

குடத்தின் 'தொம்' காற்று வழியாக வருவது மட்டுமல்ல, தரை வழியாக ஸ்டாண்டில் ஏறியும் வருகிறது. அடியில் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், பாய் போதாது. மீதியை மைக் வளையம் பார்த்துக்கொள்ளும். 110 மி.மீ. பிவிசி பைப்பில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் அறுங்கள். முன் விளிம்பில் நாலு, பின் விளிம்பில் நாலு வெட்டு. பெண் பிள்ளைகள் தலைக்குப் போடும் துணி சுற்றிய ரப்பர் பேண்டு நான்கு. ஒவ்வொரு விளிம்பிலும் ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. ஒவ்வொரு பேண்டின் இரண்டு இழைக்கும் நடுவே மைக் நுழைய வேண்டும். மைக்கை வைத்ததும் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் மிகச் சரி. அப்போது அதன் சொந்த ஆட்டம் நொடிக்கு ஐந்து தடவைதான். குடத்து அதிர்வு அதைவிடப் பல மடங்கு வேகம், அதனால் ரப்பரைத் தாண்டி மைக்குக்குப் பெரிதாகப் போகாது. கொஞ்சமும் இறங்காமல் விறைப்பாக நின்றால் ரப்பர் இருந்தும் பயனில்லை. சாதா ரப்பர் பேண்டு நம் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும்.

கம்பின் நுனியில் மரத்துண்டு அடைத்து, வளையத்தை ஒரே மர ஸ்குரூவில் பூட்டுங்கள். வளையம் இருந்தால் கிளிப் தேவையில்லை. அது ஏறாத காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மைக் கிளிப்பின் மரை ஐந்து நூல்தான், ஆனால் அங்குலத்துக்கு 27 சுற்று. கடையில் கிடைக்கும் ஐந்து நூல் போல்ட்டில் 11 சுற்றுதான். உள்ளே பித்தளை புஷ் (மரையைச் சிறிதாக்கும் வளையம்) போட்ட கிளிப் வாங்கினால் சாதாரண மூன்று நூல் போல்ட் ஏறும், இரண்டிலும் 16 சுற்று.

கை அண்ணாவியின் பக்கவாட்டிலிருந்து, வில்லை அடிக்கும் வீசுகோல் எட்டாத இடமாகப் பார்த்துச் சாய்வாக இறங்கி வரட்டும். வளையத்தைத் திருப்பி மைக்கின் முகம் அவர் வாயையும், அதன் வால் வில்லையும் பார்க்கும்படி வையுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பாடகர்கள் கையில் பிடிக்கிற கார்டியாய்டு மைக் என்றால் பின்பக்கச் சத்தத்தைத்தான் குறைவாக வாங்கும், வில்மணி குரலை அமுக்காது. வயரைக் கம்போடு மூன்று இடத்தில் பழைய ஷூ லேஸால் கட்டி, போல்ட் பக்கத்தில் ஒரு சாண் தளர்வு விடுங்கள். விறைத்த வயரே கையை இழுத்துவிடும்.

ஒத்திகையைக் கூடத்துக்குள் பதிவு செய்யுங்கள். ஆடிக் காற்றில் வெளியே உட்கார்ந்தால் மைக்குக்கு நுரை உறை மட்டும் போதாது, மேலே மெல்லிய மல் துணி ஒரு சுற்றும் வேண்டும்.