பழைய காருக்கு எந்த பிரேக் ஆயில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கார் 1980-களில் வந்த மாடல். ஆயில் டப்பா மூடியில் 'டாட் 3' என்று பொறித்திருக்கிறது. கடையில் டாட் 4 தான் இருக்கிறது. அதைவிட 5.1 இன்னும் உசத்தி என்றும் சொல்கிறார்கள். எதை ஊற்றலாம்? கிளட்சுக்கும் அதேதானா?

பதில்: டாட் 4 தாராளமாக ஊற்றலாம், கிளட்சுக்கும் சேர்த்து. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற, தண்ணீரில் கரையும் ரசாயன வகையைச் சேர்ந்த ஒரே குடும்பம். ஒன்றோடு ஒன்று கலந்தாலும் கெடுதல் வராது. கலவையின் கொதிநிலை மட்டும் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும்.

வித்தியாசம் சூட்டைத் தாங்குவதில்தான். புது டப்பாவை உடைத்த நிலையில் டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காரில் உள்ள ஆயில் டப்பா மூடியின் சின்னத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் உள்ளே போகும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே மூன்றுக்கும் கொதிநிலை வரம்பு 140, 155, 180 என்று இறங்கிவிடும்.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வருடம் மாற்றாமல் கிடக்கும் டாட் 4-ஐவிட நேற்று ஊற்றிய டாட் 3 எவ்வளவோ மேல். நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி அமுங்கி, வண்டி ஆறியதும் பழையபடி கெட்டியாவது ஆயில் கொதித்து ஆவியானதால்தான். எந்த டாட் எண் ஆயிலை ஊற்றினாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள்.

5.1 ஊற்றினால் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது கடுங்குளிரிலும் இளக்கமாக ஓடும்படி தயாரிக்கப்பட்டது. மைனஸ் 40 டிகிரியில் டாட் 4-க்கு அனுமதிக்கும் தடிப்பில் பாதிதான் அதற்கு. ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வால்வின் நுண்ணிய துளைகளுக்கு அது உதவும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய காருக்கு அதனால் லாபம் இல்லை. சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் கப் தேய்ந்து, ஓரமாகக் கசிவு இருந்தால் அது கூடுதலாகக்கூடத் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 1960-களின் கார்கள் சிலவற்றில் இயற்கை ரப்பர் கப்கள் இருந்தன. அவற்றின் கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலின் பெயரையே போட்டிருப்பார்கள். அந்தப் பழைய கப்கள் இன்னும் உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஆயிலை மாற்றும் முன் ரிப்பேர் கிட் போட்டு எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய பழைய காரில் முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிலிகான் வகையான டாட் 5 ஊதா நிறத்தில் வரும், ஆனால் அந்தச் சாயம் நாளாக ஆக வெளுத்துவிடும். கிளைக்கால் ஆயில் நிறமற்றதில் தொடங்கி வெளிர் தேன் நிறம் வரை இருக்கும், பழசானால் டீ டிகாஷன் மாதிரி ஆகிவிடும்.

ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியில் பாதிவரை தண்ணீர் எடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் டப்பாவிலிருந்து 5 மி.லி. ஆயிலை உறிஞ்சி அதில் விடுங்கள். மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிட்டால் கிளைக்கால். மேலே தனிப் படலமாக மிதந்தால் அது சிலிகான் அல்லது மினரல் எண்ணெய் (எஞ்சின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய்). பாதி கரைந்து மேலே மெல்லிய வளையம் நின்றால் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளட்சுக்குத் தனி டப்பா இருந்தால் அதையும் தனியாகச் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே ஆயில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: வண்டி வருடத்தில் பாதி நாள் ஷெட்டில்தான் நிற்கிறது. சிலிகான் ஆயில் போட்டால் துருப்பிடிக்காது, பெயிண்டும் கெடாது என்கிறார்களே?

பதில்: பெயிண்ட் கெடாது என்பது உண்மை, துரு விஷயம் பாதிதான் உண்மை. அதனால் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

டாட் 5 தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் உள்ளே எப்படியாவது போகும் தண்ணீர் எங்கே போகும்? கரைய இடமில்லாமல் துளியாகவே திரண்டு, தாழ்வான இடத்தில், அதாவது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரிலும் காலிப்பரிலும் தங்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் துரு தின்னும். அங்கே 100 டிகிரியைத் தாண்டினாலே ஆவி. அதோடு சிலிகான் தனக்குள் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் பெடல் சற்று மெத்தென்றே இருக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் போடவே கூடாது.

5-க்கும் 5.1-க்கும் பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், சரக்கு முற்றிலும் வேறு. சிலிகான் கிளைக்காலோடு கலக்கவே கலக்காது. பழைய ஆயிலை வெறுமனே வெளியே தள்ளிவிட்டு இதை ஊற்றினால், குழாய்களில் மிச்சமிருக்கும் பழசு திட்டுத் திட்டாக நிற்கும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றி, புது ரப்பர் போட்டு, இரும்புக் குழாய்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்த பிறகுதான் சிலிகான். அவ்வளவு வேலையும் ஏற்கெனவே செய்யப்போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். ஊற்றும்போது குலுக்காமல், டப்பா ஓரமாக வழியவிட்டு மெதுவாக ஊற்றுங்கள்.

கேள்வி: அவசரத்தில் பிரேக் டப்பாவில் பவர் ஸ்டியரிங் ஆயில் சுமார் 50 மி.லி. ஊற்றிவிட்டேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. உறிஞ்சி எடுத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள்.

'பிரேக் ஆயில்' என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அது பெட்ரோலிய எண்ணெய் வகையே இல்லை. அந்தப் பெயர்தான் எஞ்சின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எல்லாம் இந்த டப்பாவுக்குள் போவதற்குக் காரணம். பிரேக்கில் இருக்கும் ரப்பர் கிளைக்காலைத் தாங்கத் தயாரித்தது. மினரல் எண்ணெய் பட்டால் அது ஊறி, உப்பி, வழவழவென்று ஆகிவிடும். இன்று நன்றாக ஓடும் வண்டியில் சில நாளில் மாஸ்டர் சிலிண்டர் கப் உப்பி, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளையை அடைத்துக்கொள்ளும். பிரேக் விடாது, சக்கரம் சூடாகும். கடைசியில் கப் கிழிந்து பெடல் தரைக்குப் போகும்.

ஆயில் டப்பா மூடியைத் திறந்து அதற்குள் இருக்கும் ரப்பர் டயாப்ரமைப் பாருங்கள். நல்ல ரப்பர் தட்டையாக, எடுத்த இடத்திலேயே திரும்பப் பொருந்தும். எண்ணெய் குடித்த ரப்பரின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். மூடிக்குள் அமுக்கினால் ஒரு பக்கம் பொருந்தும்போது மறுபக்கம் வெளியே துருத்தும். மூடியே அப்படி ஆகியிருந்தால் உள்ளே உள்ள கப்களும் அதே ஆயிலில்தான் ஊறியிருக்கின்றன.

மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர் கப்கள், காலிப்பர் சீல்கள், எல்லா ரப்பர் ஹோஸ்கள், டப்பா மூடி ரப்பர், டப்பா உட்காரும் கிராமெட்டுகள் அத்தனையும் மாற்ற வேண்டும். கிளட்சும் அதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கிறது என்றால் கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் (கிளட்ச் பக்கம் இருந்து அதை இயக்கும் சிலிண்டர்) கிட்டுகளும் சேரும். இரும்புக் குழாய்களைக் கழுவித் திரும்பப் போடலாம். கழுவ மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது பிரேக் கிளீனர் மட்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் கிட்டவே வரக்கூடாது, அவையும் அதே கெடுதலைத்தான் செய்யும். புதுக் கப்களை உள்ளே தள்ளும்போது தடவ கிரீஸ் எடுக்காதீர்கள். புது பிரேக் ஆயிலையோ பிரேக் ரப்பருக்கென்றே வரும் சிவப்பு கிரீஸையோ தடவுங்கள்.

கேள்வி: ஆயிலை நானே மாற்ற நினைக்கிறேன். எவ்வளவு வேண்டும், எந்தச் சக்கரத்தில் தொடங்குவது?

பதில்: கிளட்சோடு சேர்த்து 1 லிட்டர் வாங்கினால் சாதாரண காருக்குப் போதும். முதலில் டப்பாவில் உள்ள பழசை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசு நிரப்புங்கள். அப்போதுதான் அழுக்கு முழுக்கக் குழாய் வழியாகப் போகாது. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வாருங்கள். பிரேக் லைன் குறுக்கும் மறுக்குமாகப் பிரிந்திருக்கும் வண்டிகளில் வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் சுமார் 200 மி.லி., முன் சக்கரத்தில் 100 முதல் 150 மி.லி., கிளட்சில் 100 மி.லி. வெளியே வந்தால் நிறம் தெளிந்துவிடும். நடுவில் டப்பா காலியாகக் கூடாது, காலியானால் காற்று புகுந்து எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பழைய காரில் முக்கியமான ஒன்று: ஏர் எடுக்கும்போது, அதாவது பெடலை மிதித்துக் குழாயில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். அன்றாடம் ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டர் கப் பாதித் தூரம்தான் போய் வரும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் துருவும் பிசினும் படிந்திருக்கும். முழுசாக மிதித்தால் கப்பின் உதடு அதில் உரசிக் கிழியும். ஆயில் மாற்றிய மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று பலர் எழுதுவதற்கு இதுதான் காரணம். பெடலுக்குக் கீழே 4 செ.மீ. தடிப்புள்ள மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள்.

நிப்பிளை (ஆயிலும் காற்றும் வெளியே வரத் திறக்கும் திருகை) ஓப்பன் ஸ்பானரால் திருகாதீர்கள், முனை மழுங்கும். ரிங் ஸ்பானர் போட்டு, அரைச் சுற்றுக்கு மேல் திறக்காமல் செய்யுங்கள்.

கேள்வி: கிளட்சில் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் கியர் உறுமுகிறது. கசிவும் தெரியவில்லை. ஆயில் மட்டும் கறுப்பாக வருகிறது.

பதில்: கறுப்பு என்பது ரப்பர் தேய்ந்த தூள். ஸ்லேவ் சிலிண்டரின் தூசி மறைப்பு ரப்பரை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கசிவு அங்கேதான். ஈரமே இல்லாமலும் கோளாறு இருக்கலாம். உதடு தேய்ந்த கப், பெடலை மிதிக்கும்போது ஆயிலைப் பிடித்து நிறுத்தும், விடும்போது காற்றை உள்ளே இழுக்கும். அப்படிப்பட்ட சிலிண்டரில் ஏர் எடுத்துத் தீராது. உட்சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா? ஸ்லேவைக் கழற்றி மாட்டும்போது தலைகீழாகப் பூட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே நிற்கும் காற்று வெளியே வர வழியே இராது. இடது, வலது காலிப்பர்கள் இடம் மாறினாலும் இதே கதிதான்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு முன் சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஆயிலில் குறையா?

பதில்: வண்டி பிடித்துக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள். சமதளத்தில் சக்கரத்துக்கு முட்டு வைத்துவிட்டு ஜாக்கி போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் முன் சக்கரத்துக்குப் போகும் குழாய் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரங்கள் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டரில்: பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் புஷ் ராடில் 1 மி.மீ. கூட ஆட்டம் இல்லை, அல்லது கப் உப்பித் துளையை மூடுகிறது. விடவில்லையென்றால் நட்டை இறுக்கிவிட்டு நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விட்டால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கிறது, வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும். அப்போதும் விடவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

கேள்வி: பழைய சிட்ரோயன் காருக்கு டாட் 4 ஊற்றலாமா?

பதில்: ஹைட்ராலிக் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே ஆயிலில் ஓடும் மாடல்களில் பச்சை நிற மினரல் ஆயில், எல்.எச்.எம்., மட்டும்தான். அந்த ரப்பருக்கு டாட் 4 விஷம். 1960-களின் நடுவரை வந்த டி.எஸ். மாடல்கள் சிவப்பு ஆயிலுக்கானவை, அவற்றில் பச்சை ஊற்றக் கூடாது.

கேள்வி: மிச்ச ஆயிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பெயிண்டில் சிந்திவிட்டால்?

பதில்: சீல் உடைத்த டப்பாவை இறுக மூடி வைத்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். பாதி காலியான டப்பாவில் உள்ள காற்றின் ஈரமே ஆயிலுக்குள் இறங்கும், அதனால் 250 அல்லது 500 மி.லி. டப்பாக்களாக வாங்குங்கள். சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள், பெயிண்ட் துணியோடு வரும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அது தண்ணீரில் கரைந்து போய்விடும். வேலை ஆரம்பிக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.