யூகே-ல கெமிஸ்ட்ரி படிக்கிறப்போ ஸ்கூல் பசங்களுக்கு அவுட்ரீச் (ஸ்கூலுக்கே போய் சயின்ஸ் ஷோ காட்டுறது) பண்ண போறது டைம் வேஸ்ட்டா?

நீங்க கேட்டிருக்கறத பாத்தா, செப்டம்பர்ல போய் இறங்கி, "வாலண்டியர் வேணும்"னு டிபார்ட்மென்ட்லேர்ந்து மெயில் வந்து, கூட தங்கியிருக்கவங்க "அந்த நேரத்துல பார்ட் டைம் போனா வாடகையாவது தேறும்"னு சொல்லியிருப்பாங்கன்னு தோணுது. எனக்கும் அதேதான் சொன்னாங்க. நான் போனேன். ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தாங்க, அத இன்னிக்கி வரைக்கும் எந்த இன்டர்வியூலயும் யாரும் கேட்டதில்ல, அதனால சிவி-க்காகன்னா போகவே போகாதீங்க.

நான் லீட்ஸ்ல எம்எஸ்சி பண்ணேன். ஆக்ஸிஜன கண்டுபிடிச்சவர்னு படிச்சோமே, அந்த ப்ரீஸ்ட்லி 1767-லேர்ந்து 1773 வரைக்கும் அந்த ஊர்லதான் பாதிரியாரா இருந்தாரு. வீட்டு பக்கத்துலயே பீர் காய்ச்சுற இடம், அந்த தொட்டி மேல தேங்கி நிக்குற கார்பன் டை ஆக்ஸைட தண்ணில கலந்து பாத்துதான் மனுசன் சோடாவ கண்டுபிடிச்சாரு. எங்க ஷோ அந்த கதைலதான் ஆரம்பிக்கும். வினிகர்ல சோடா உப்ப போட்டு புஸ்ஸுனு நுரை, அப்புறம் யானை டூத்பேஸ்ட் (ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஈஸ்ட், பாத்திரம் கழுவுற லிக்விட்), கடைசில ஊதா முட்டைகோஸ வேக வெச்ச தண்ணி, ஆசிட் ஊத்துனா சிவப்பு, சோடா உப்பு போட்டா நீலம். புதுசா வந்தவன்ங்கறதால கோஸ் வேலை என் தலைல.

லீட்ஸ் பக்கத்துல ப்ராட்ஃபோர்ட்ல ஒரு ஸ்கூல். 9, 10 வயசு பசங்க, பாதிக்கு மேல பாகிஸ்தான் குடும்பங்க. முந்தின நாள் ராத்திரியே வேக வெச்சு பாட்டில்ல அடைச்சு வெச்சிருந்தேன், மூடிய திறந்ததும் மொத்த க்ளாஸும் மூக்க பொத்திக்கிச்சு. நான் மனப்பாடம் பண்ணிட்டு போன இங்கிலீஷ்ல ஆந்தோசயனின் (கோஸுக்கு ஊதா நிறம் குடுக்கற சாயம்) அது இதுன்னு ஓட்டிட்டு இருக்கேன், ஒருத்தனும் கேக்கல. அப்போ பின்னாடிலேர்ந்து ஒரு பொண்ணு கைய தூக்கி, "எங்க நானி (அம்மாவோட அம்மா) வெச்ச குழம்பு சட்டைல கொட்டிடுச்சு, அம்மா சோப்பு போட்டா மஞ்சள் கறை சிவப்பாயிடுச்சு, அலசினா திரும்ப மஞ்சளாயிடுச்சு, இதுவும் அதுதானா?"ன்னு கேட்டுச்சு.

அதேதான். சோப்பும் சோடா உப்பு மாதிரி காரம், காரம் பட்டா மஞ்சள் சிவப்பாகும். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. எங்க பாட்டி மஞ்சத்தண்ணில சுண்ணாம்ப கரைச்சு, ரத்தம் மாதிரி சிவப்பா ஆலாத்தி எடுக்கறத எத்தன வாட்டி பாத்திருக்கேன், காரத்துல பினாப்தலின் ரோஸ் கலர் ஆகும்னு எத்தன பரிச்சைல எழுதியிருக்கேன், ரெண்டும் ஒரே சமாச்சாரம்னு எனக்கு தோணுனதே இல்ல. பத்து வயசு பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. (உடனே "நம்ம முன்னோர்கள் ஒன்னும் முட்டாள்கள் இல்ல"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க, பாட்டிக்கு பிஹெச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) தெரியாது, கண்ணு படக்கூடாதுன்னு சுத்துனாங்க, அவ்ளோதான்.)

"வெள்ளைக்காரன் ஊருக்கு சேவை செஞ்சியே, நம்ம ஊருக்கு என்ன கிழிச்ச?"ன்னு கேக்க வர்றவங்களுக்கும் முன்னாடியே சொல்லிடறேன். நம்ம ஊர்ல நான் படிச்ச ஸ்கூல்ல ப்ளஸ் டூ ப்ராக்டிகலுக்கு என்ன சால்ட்னு லேப் அட்டெண்டர் காதுல சொல்லிடுவாரு, அதுக்கு க்ளாஸ்ல காசு வசூல் வேற. எனக்கு வந்தத நான் டெஸ்ட் ட்யூப்ல தொட்டுக்கூட பாக்கல, ரீடிங் எல்லாம் கைடுலேர்ந்து எழுதி முழு மார்க் வாங்குனேன். இத சொன்னா எங்க சாருக்கு கோவம் வரும், வரட்டும், அந்த ரெண்டு வருஷம் இன்னும் எரியுது.

சரி, விஷயத்துக்கு வரேன். பசங்க கூட வேலைங்கறதால டிபிஎஸ் செக் (கிரிமினல் ரெக்கார்ட் இருக்கான்னு பாக்கறது) கேப்பாங்க, வர நாளாகும், இப்பவே போட்டுடுங்க. ஸ்டூடண்ட் விசால வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம்ங்கற கணக்குல இது வருமா வராதான்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, என் பேச்ச நம்பாதீங்க.

அடுத்த தடவ கோஸ தூக்கி போட்டுட்டு, மஞ்சத்தூள சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல கரைச்சு (தண்ணில சரியா கரையாது) ஃபில்டர் பேப்பர்ல தடவி காய வெச்சு எடுத்துட்டு போனேன். சோப்பு தண்ணில பட்ஸ முக்கி பேர் எழுதுனா சிவப்பா வரும், எலுமிச்சை தடவுனா அழிஞ்சுடும். அன்னிக்கி அந்த க்ளாஸ் போட்ட சத்தம் இருக்கே!

ஆனா மிச்ச மஞ்சள் வெள்ளை டேபிள்ல கொட்டிடுச்சு. எங்க ரிஸ்க் அசெஸ்மென்ட்ல கண்ணாடி, க்ளவுஸ், பெராக்ஸைடு எல்லாம் இருந்துச்சு, மஞ்சக்கறைன்னு யாரும் எழுதல. ஸ்கூல பாத்துக்கற பெரியவர் வந்து க்ளீனிங் ஸ்ப்ரேவ அடிச்சாரு, டேபிள் பூரா கொலை நடந்த இடம் மாதிரி செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. டீச்சர் பதறிட்டாங்க. "சார், நல்ல வெயில்ல ரெண்டு நாள் வெச்சா தானா வெளுத்துடும்"னு சொன்னேன். நவம்பர் மாசம். அவரு ஜன்னல பாத்தாரு, வெளிய மழை, அப்புறம் என்ன பாத்தாரு.