பாம்புப் பெண் என்றொரு ஆண் தளபதி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இன்றைய மெக்சிகோவில் இருந்த அஸ்டெக் பேரரசில் அரசருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரின் பதவிப் பெயருக்குப் ‘பாம்புப் பெண்’ என்று பொருள் என்று படித்தேன். அந்தப் பதவியில் பெண்கள் இருந்தார்களா? நான்கு எதிரிகளை உயிரோடு பிடித்துவந்தால் யாரும் தளபதி ஆகலாம் என்பது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெண்கள் இல்லை. அந்தப் பதவியின் பெயர் சிவாகோவாத்ல், அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர். பதவியில் அமர்ந்தவர்கள் ஆண்கள்தான். அரசர் போருக்குப் போனால் தலைநகரான தெனோச்தித்லானைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. சில சமயம் படையையும் இவரே நடத்துவார். இந்தப் பதவியில் பெரும் பெயர் எடுத்தவர் த்லகாயெலெல்.

சிவாகோவாத்லுக்குக் கீழே இரண்டு பெரிய தளபதிகள்: த்லகோச்கல்காத்ல், த்லகதெக்காத்ல். (ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.) முதல் பெயருக்கு ‘ஈட்டி வீட்டுக்காரர்’ என்று பொருள், அதாவது ஆயுதக் கிடங்கைச் சேர்ந்தவர். இந்த இருவரோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து நால்வர் குழு. அரசரின் தம்பி, நெருங்கிய உறவினர் போன்றவர்களே அதில் இருப்பார்கள். அடுத்த அரசரையும் அந்த நால்வரிலிருந்துதான் எடுப்பார்கள்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி ஆமாம். நான்கு கைதிகளைப் பிடித்த சாதாரணக் குடும்பத்துப் பையனுக்கு ‘தெக்கிவா’ என்ற பட்டமும் மரியாதையும் கிடைக்கும், சின்ன அதிகாரியாகவும் ஆகலாம். உச்சிக்குப் போக ரத்த உறவு வேண்டும். இதில் எனக்குப் பிடித்தவர்கள் குவாச்சிக் வீரர்கள். தலையை மழித்து நடுவில் மட்டும் ஒரு வரி முடி விட்டிருப்பார்கள். போரில் ஓரடிகூடப் பின்வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள். அவ்வளவு வீரம் இருந்தும் ஆட்சிப் பொறுப்பை இவர்களிடம் கொடுக்க மாட்டார்கள். சண்டைக்குச் சரி, நிதானம் போதாது என்ற எண்ணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் ரத்த உறவும் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1481இல் அரசரான திசோக் தன் முடிசூட்டுக்காக மெட்ஸ்தித்லான் என்ற ஊர் மீது படையெடுத்தார். பிடித்துவந்தது 40 கைதிகள், இழந்தது தன் வீரர்கள் 300 பேரை! ஐந்தே ஆண்டில் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

அப்புறம், தளபதி யார் என்று கூட்டத்தில் தேடவே வேண்டாம். முதுகில் கட்டிய இறகுக் கொடி உயரமாகத் தெரியும், படையும் அதைப் பார்த்தே நகரும். 1520 ஜூலையில் ஒதும்பாவில் அதுவே வினையானது. தெனோச்தித்லானிலிருந்து அடிபட்டு ஓடிவந்த ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ், குதிரைவீரர்களோடு நேரே அந்தக் கொடியை நோக்கிப் பாய்ந்தார். தளபதி விழுந்தார், கொடி ஸ்பானியர் கைக்குப் போனது, பெரும்படை கலைந்து ஓடியது. விழுந்தவர் அன்றைய சிவாகோவாத்ல் என்றே பலரும் சொல்கிறார்கள். கொடியைப் பறித்த ஹுவான் தெ சலமன்காவுக்கு ஸ்பெயின் அரசர் அந்த இறகையே குடும்பச் சின்னமாகக் கொடுத்தார்.